வளர்ச்சி எந்தத் தெருவரை வந்தது? வட்டார வறுமையும் வருமான ஏற்றத்தாழ்வும்: ஓர் எளிய விளக்கம்

தொடக்கக் கல்லூரியில் பொருளியல் படிக்கும் என் மகள், ‘வட்டார வறுமை’ என்ற தொடரைப் புரிந்துகொள்ள முயன்று பாதியில் விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரின் கிழக்குக் கோடிக்கும் மேற்குக் கோடிக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறி ஜூரோங்கில் இறங்கினாலும் அதே மின்சாரம், அதே குழாய்த் தண்ணீர், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அதே அடுக்குமாடி. இங்கே ஒரு குடும்பம் சிரமப்படுவது உண்டு. ஆனால் ஓர் ஊரே, ஒரு மாவட்டமே சிரமத்தில் கிடப்பது எப்படியிருக்கும் என்பதை இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பார்த்ததில்லை. பொங்கோலில் பன்றிப் பண்ணைகள் இருந்த காலத்தையும், கிணற்றடியிலிருந்து தண்ணீர் சுமந்த கம்பத்து (பழைய கிராமத்து) வாழ்க்கையையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் அது சற்று எளிதாகப் பிடிபடும்.

அவளுக்காக எழுதிய குறிப்புகளை விரித்ததுதான் இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். நம்மில் பலருடைய பூர்விகம் அங்கே இருப்பது ஒரு காரணம். நம் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்பவர்களில் பலர் இன்றும் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

பத்து வீட்டு ஊர்

வளர்ச்சி, வறுமை, ஏற்றத்தாழ்வு என்ற மூன்று சொற்களையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். மொத்த வருமானம் கூடியதா என்பது வளர்ச்சி. ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வறுமை. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பது ஏற்றத்தாழ்வு. ஒன்று மாறும்போது மற்றவையும் மாறியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கணக்குக்காகப் பத்து வீடுகள் மட்டுமே உள்ள ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறு வீடுகள் விவசாயக் கூலிக் குடும்பங்கள். மாத வருமானம் தலா 8,000 ரூபாய். இரண்டு வீடுகள் சிறு விவசாயிகள், தலா 15,000. ஒரு வீட்டில் பள்ளி ஆசிரியர், 40,000. இன்னொரு வீடு நெல் வியாபாரியுடையது, 82,000. கூட்டிப் பாருங்கள்: ஊரின் மொத்த வருமானம் 2,00,000 ரூபாய், வீட்டுக்குச் சராசரி 20,000 ரூபாய். அந்தச் சராசரித் தொகையை உண்மையில் சம்பாதிக்கும் வீடு இந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம், அதாவது இடைநிலை வருமானம், வெறும் 8,000தான். சராசரியை மட்டும் பார்த்து ஓர் ஊரை மதிப்பிடக் கூடாது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

வீட்டுக்கு 10,000 ரூபாயை வறுமைக் கோடு என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஆறு வீடுகள் அதற்குக் கீழே இருக்கின்றன. அடுத்த ஆண்டு இந்த ஊர் 15 விழுக்காடு வளர்கிறது, அதாவது மாத வருமானம் 30,000 ரூபாய் கூடுகிறது என்போம். அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து ஊரின் கதையே மாறிவிடும்.

முதல் வழி: வியாபாரி ஒரு நெல் அறுவடை இயந்திரத்தை வாங்கி வாடகைக்கு விடுகிறார். அறுப்புக்கு ஆள் தேவைப்படாததால் கூலி வீடுகளின் வருமானம் 8,000இலிருந்து 7,000க்கு இறங்குகிறது. வியாபாரியின் வருமானம் 1,18,000 ஆகிறது. மொத்தம் 2,30,000. ஊர் 15 விழுக்காடு வளர்ந்துவிட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே அதே ஆறு வீடுகள்தான் இருப்பதால், தலையை எண்ணும் புள்ளிவிவரத்தில் வறுமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அந்த ஆறு வீடுகளையும் கோட்டுக்கு மேலே தூக்கிவிட முன்பு மாதம் 12,000 ரூபாய் போதும். இப்போது 18,000 வேண்டும். இதை வறுமை இடைவெளி என்கிறார்கள். ஏழைகளின் எண்ணிக்கையோடு இந்த இடைவெளியையும் சேர்த்துப் பார்க்காதவரை, ஏழைகள் மேலும் ஏழைகளானது எந்த அட்டவணையிலும் தெரியாது.

இரண்டாவது வழி: ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையமும் ஒரு சிறு தையல் கூடமும் வருகின்றன. கூலி வீடுகளுக்குத் தலா 2,500, சிறு விவசாயிகளுக்குத் தலா 4,000, வியாபாரிக்கு 7,000 கூடுதலாகக் கிடைக்கிறது. இதுவும் அதே 30,000, அதே 15 விழுக்காடுதான். ஆனால் கூலி வீடுகள் ஒவ்வொன்றும் 10,500 ரூபாயைத் தொட்டுவிட்டன. ஊரில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இப்போது ஒரு வீடும் இல்லை. இத்தனைக்கும் வியாபாரி முன்பைவிடச் செழிப்பாகவே இருக்கிறார்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புவது ஏறக்குறைய இதுதான். ஓர் ஊரின் வறுமையைக் குறைப்பதில் வளர்ச்சியின் அளவைவிட, அந்த வளர்ச்சி யாருடைய வேலை வழியாக ஊருக்குள் நுழைகிறது என்பது பல சமயங்களில் பெரிய கேள்வி.

அளவுகோல்கள் சொல்வதும் சொல்லாததும்

வறுமைக் கோடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதர்கள் கூடிப் பேசி வரைந்தது. இந்தியாவில் 2011-12ஆம் ஆண்டுக்கு வறுமையை அளக்க அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி கிராமப்புறத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், நகர்ப்புறத்தில் 1,000 ரூபாய் என்று கோடு வகுக்கப்பட்டது. அதன்படி நாட்டில் ஏழைகள் 21.9 விழுக்காடு. அதே ஆண்டுக்கு ரங்கராஜன் குழு 972 ரூபாய், 1,407 ரூபாய் என்று கோட்டை உயர்த்தியது. ஏழைகளின் விகிதம் 29.5 விழுக்காடானது. எந்தக் குடும்பத்தின் அடுப்பிலும் எதுவும் மாறவில்லை. கோடு நகர்ந்ததும் ஒன்பது கோடிக்கும் அதிகமானோர் ஏழைகளின் பட்டியலில் சேர்ந்தார்கள். உலக வங்கியும் தன் கடும் வறுமைக் கோட்டை 2025 ஜூன் மாதத்தில் நாளொன்றுக்கு 2.15 அமெரிக்க டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. இது பணமாற்றுக் கடையில் கிடைக்கும் டாலர் அல்ல. ஒவ்வொரு நாட்டு விலைவாசிக்கும் ஏற்பச் சரிசெய்யப்பட்ட, வாங்கும் திறன் சமநிலை டாலர். சிங்கப்பூரில் அதிகாரபூர்வ வறுமைக் கோடு என்று ஒன்றை அரசு வரையவில்லை; வெவ்வேறு உதவித் திட்டங்களுக்கு வெவ்வேறு வருமான வரம்புகள் உள்ளன.

பணத்தை மட்டும் பார்க்காமல் உணவூட்டம், பள்ளிப் படிப்பு, கழிப்பறை, குடிநீர், சமையல் எரிபொருள் போன்ற 12 குறியீடுகளைக் கொண்டு கணக்கிடுவது இந்தியாவின் பல்பரிமாண வறுமைக் குறியீடு. 2015-16க்கும் 2019-21க்கும் இடையே இந்த அளவுகோலின்படி நாட்டின் வறுமை 24.85 விழுக்காட்டிலிருந்து 14.96 விழுக்காடாக இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் இந்த 14.96ஐப் பிரித்துப் பார்த்தால் கிராமப்புறத்தில் 19.28, நகர்ப்புறத்தில் 5.27. மாநிலவாரியாகப் பார்த்தால் பீகாரில் 33.76, தமிழ்நாட்டில் 2.20, கேரளத்தில் 0.55. ஒரே நாடு, ஒரே அளவுகோல், ஒரே காலம். ஒரு குழந்தை எந்த மாநிலத்தில், எந்தக் கிராமத்தில் பிறக்கிறது என்பதே அதன் வாழ்க்கையின் பாதியைத் தீர்மானித்துவிடும் நிலையைத்தான் வட்டார வறுமை என்கிறோம். நமக்கு அண்டை நாடான மலேசியாவிலும் 2022ஆம் ஆண்டில் வறுமை விகிதம் 6.2 விழுக்காடாக இருந்தபோது, சபா மாநிலத்தில் அது 19.7 விழுக்காடு.

ஏற்றத்தாழ்வை அளக்கப் பரவலாகப் பயன்படுவது, இத்தாலியரான கொராடோ ஜினி 1912இல் முன்வைத்த ஜினி குறியீடு. எல்லாருக்கும் சமமான வருமானம் இருந்தால் அது 0. எல்லா வருமானமும் ஒருவரிடமே இருந்தால் 1. சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டுக்கு, அரசாங்க வரிகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் முன் 0.433, அவற்றுக்குப் பின் 0.371. உலக வங்கி வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவின் ஜினி 2022-23இல் 0.255. அப்படியானால் இந்தியா சிங்கப்பூரைவிடச் சமத்துவமான நாடா? 2025இல் பலர் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் சிங்கப்பூரின் அந்த 2023 கணக்கு அளந்தது வேலை மூலம் வரும் வருமானத்தை. இந்தியக் கணக்கு அளப்பது குடும்பங்கள் செலவு செய்யும் தொகையை. வருமானம் பத்து மடங்கானால் செலவு பத்து மடங்காவதில்லை, மிச்சம் சேமிப்பாகிவிடும். எனவே செலவை வைத்துக் கணக்கிடும் ஜினி பொதுவாகத் தாழ்வாகவே வரும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, ஒருவரின் உயரத்தையும் மற்றவரின் எடையையும் ஒப்பிடுவதற்குச் சமம்.

ஏற்றத்தாழ்வு ஏன் முதலில் ஏறுகிறது?

சைமன் குஸ்னெட்ஸ் என்ற பொருளியலாளர் 1955இல் வெளியிட்ட ஓர் உரையில், ஒரு நாடு விவசாயத்திலிருந்து தொழிலுக்கு மாறும்போது ஏற்றத்தாழ்வு முதலில் கூடி, பிறகு குறையக்கூடும் என்றார். அதன் உள்ளியக்கம் மிக எளிமையானது. ஒரு நாட்டில் நூறு பேர். எல்லாரும் கிராமத்தில் ஆளுக்கு 100 சம்பாதிக்கிறார்கள். ஏற்றத்தாழ்வு சுழியம். நகரத்தில் ஒரு தொழிற்சாலை 200 தருகிறது. பத்துப் பேர் போகிறார்கள், பிறகு ஐம்பது பேர். இப்போது பாதிப்பேருக்கு 100, பாதிப்பேருக்கு 200. யாரும் எதையும் இழக்கவில்லை. ஆனாலும் இல்லாதிருந்த ஏற்றத்தாழ்வு உருவாகிவிட்டது. நூறு பேரும் நகரத்துக்குப் போய்விட்டால் எல்லாருக்கும் 200. ஏற்றத்தாழ்வு மறுபடியும் சுழியம்.

பாடப்புத்தகத்தில் தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணம்போல் வரையப்படும் அந்தக் கோட்டை இயற்கை விதியாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. குஸ்னெட்ஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தன் உரையில் ஐந்து விழுக்காடு தரவு, மீதி தொண்ணூற்றைந்து விழுக்காடு ஊகம் என்று அவரே எழுதிவைத்தார். பொறுத்திருந்தால் கோடு தானாக இறங்கும் என்று சொல்லிக் கிராமத்தைக் காக்கவைப்பது அவர் சொன்னதும் அல்ல, நியாயமும் அல்ல என்பது என் எண்ணம்.

இந்தியா அந்தப் பாதையில் எங்கே நிற்கிறது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2023-24இல் நாட்டின் உழைப்பாளர்களில் 46 விழுக்காட்டினர் விவசாயத்தில் இருந்தார்கள். நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கோ ஏறத்தாழ 18 விழுக்காடு. அதாவது, நூறு ரூபாயில் 18 ரூபாயை 46 பேர் பங்கிடுகிறார்கள்; மீதி 82 ரூபாயை 54 பேர் பங்கிடுகிறார்கள். ஆள் கணக்கில் வகுத்தால் மற்ற துறைகளில் இருப்பவருக்கு விவசாயத்தில் இருப்பவரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளியின் பெரும்பகுதி இந்த ஒரு வகுத்தல் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது.

இதற்கு எல்லாரையும் நகரத்துக்கு அனுப்புவது ஒன்றுதான் விடை என்பதில்லை. சீனாவில் 1978க்குப் பிறகு கூட்டுப் பண்ணைகளைக் கலைத்து, குடும்பங்களுக்கு நிலத்தைப் பொறுப்பளித்து, விளைச்சலில் ஒரு பங்கைச் சொந்தமாக விற்க அனுமதித்தபோது, வறுமை மிக வேகமாகக் குறைந்தது. அந்த முதல் வேகம் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வந்தது. ஏழைகள் எந்தத் துறையில் இருக்கிறார்களோ அந்தத் துறை வளர்ந்தால் வறுமை விரைவாகக் குறையும்.

வளமான மண்ணும் ஏழை மனிதர்களும்

மண் வளமில்லாத இடம்தான் ஏழையாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. தமிழ்நாட்டின் வரைபடம் அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும்.

காவிரிப் படுகை தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம். ஆனால் பழைய தஞ்சை மாவட்டத்தில் நிலம் சிலர் கையிலும் மடங்களின் கையிலும் குவிந்திருந்தது. நாற்று நட்டுக் களையெடுத்துக் கதிர் அறுத்த தலித் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் நிலைமை எளிதில் மாறவில்லை. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்களின் குடும்பத்தினர் 44 பேர், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெல் விளையும் வட்டாரத்தில், நெல்லை விளைவித்தவர்கள் சில படி நெல்லைக் கூடுதலாகக் கேட்டதற்கு நேர்ந்தது அது. ஒரு வட்டாரத்தின் வளம் வேறு, அந்த வட்டாரத்து மக்களின் வளம் வேறு என்பதை விளக்க இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியவில்லை.

மேற்கே கொங்கு நாடு வறண்ட பூமி. ஆழக் கிணறு வெட்டி, கமலை கட்டி இறைத்தால்தான் வெள்ளாமை. அந்த வறட்சியே அங்குள்ளவர்களைப் பருத்திக்கும் பணப்பயிருக்கும் தள்ளியது. 1930களில் பைகாரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. வயல்களில் மின் இறைப்பான்கள் ஓடின. அவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் தோன்றின. விவசாயத்தில் மிஞ்சிய பணம் தறியிலும் பின்னலாடையிலும் முதலீடாகி, பின்னர் திருப்பூர் உலகச் சந்தைக்கு பனியன் ஏற்றுமதி செய்யும் ஊரானது. வளர்ச்சி அங்கே கிராமத்தானின் வேலை வழியாக உள்ளே நுழைந்தது.

அதே திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அந்தப் பக்கத்து விவசாயிகளின் கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது. வழக்கு நடந்து, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு வட்டாரத்தின் வளர்ச்சிக்கான விலையை அடுத்த வட்டாரம் கொடுப்பதும் ஏற்றத்தாழ்வில் ஒருவகைதான். எந்த ஜினி குறியீட்டிலும் அது தனியாகத் தெரியாது.

அரசின் கை எங்கே உதவும் என்று கேட்டால், கூலிக்காரரின் பேரம் பேசும் வலுவைக் கூட்டும் இடத்தில் என்பேன். 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தை மக்கள் ‘நூறு நாள் வேலை’ என்றே அழைத்தார்கள். அது முதலில் தொடங்கிய மாவட்டங்களில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகியவை இருந்தன. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஏரிக்கரையில் மண் வெட்டுவதற்கு இவ்வளவு கூலி உண்டு என்று தெரிந்த பிறகு, அதைவிடக் குறைந்த கூலிக்குக் களையெடுக்கக் கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்ல ஒரு பெண்ணால் முடிந்தது. மாற்று வழி ஒன்று இருப்பதே கூலியை உயர்த்தும்.

சிராங்கூன் சாலையிலிருந்து போகும் பணம்

நம் ஊரைத் தொடாமல் இந்த விளக்கம் முழுமையாகாது. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி, 2023-24இல் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்குச் சென்ற பணத்தில் 6.6 விழுக்காடு சிங்கப்பூரிலிருந்து போனது, மொத்தத்தில் 10.4 விழுக்காடு தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவின், அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்தின், பணம் அனுப்பும் கடைகளுக்கு முன்னால் நிற்கும் வரிசைதான் அந்த எண்ணின் முகம்.

அந்த வரிசையில் நிற்பவரைக் கணக்கெடுப்பில் தேடிப் பாருங்கள். சிங்கப்பூரின் ஜினி, குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர்களின் குடும்பங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. வேலை அனுமதிச்சீட்டில் வந்து தங்குவிடுதியில் இருப்பவர் அதில் இல்லை. இந்தியாவின் குடும்பச் செலவு ஆய்வு, வீட்டில் வசிப்பவர்களைத்தான் உறுப்பினராக எண்ணும். ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருப்பவர் அதிலும் இல்லை. அவர் அனுப்பும் பணம் மட்டும் அந்தக் குடும்பத்தின் செலவாகப் பதிவாகிறது. இரண்டு நாட்டுப் பொருளாதாரத்தையும் தன் தோளில் இணைத்து நிற்கும் ஒருவர், இரண்டு நாட்டு ஏற்றத்தாழ்வுக் கணக்கிலும் இல்லை. இது என்னை நீண்ட நாள் உறுத்திவரும் செய்தி.

அந்தப் பணம் ஊருக்குள் என்ன செய்கிறது என்பதை, ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பில் நான் கற்றுக்கொடுக்கும் ஒரு தம்பி எனக்குக் காட்டினார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், கட்டுமானத்தில் இரும்புக் கம்பி கட்டும் வேலை. வருமானம் பற்றிய பாடம் ஒன்றில், தன் தெருவை வெண்பலகையில் வரையச் சொன்னேன். பன்னிரண்டு சதுரங்கள் போட்டார். நான்கில் குறுக்குக் கோடு போட்டு, “இதெல்லாம் மாடி வீடு அக்கா. ரெண்டு சிங்கப்பூர், ஒண்ணு துபாய், ஒண்ணு மலேசியா” என்றார். அந்த நான்கு வீடுகளும் கட்டப்பட்டபோது ஊரில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தட்டுப்பாடு வந்து, கூலி ஏறியது. வெளிநாடு போகாத சில வீடுகளுக்கும் அதனால் வரவு வந்தது. அதே சமயம் மனை விலையும் ஏறியது; சொந்த மனை இல்லாதவர்கள் இனி வாங்கவே முடியாது என்று ஆனது. ஒரே பணம் ஒருபுறம் வறுமையைக் குறைக்கிறது, மறுபுறம் வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்குகிறது.

தெருக்கோடியில் கடைசிச் சதுரத்தை அவர் வெறுமனே விட்டிருந்தார். அது யார் வீடு என்று கேட்டேன். அவரோடு ஒரே வகுப்பில் படித்தவருடைய வீடு. இருவரும் ஒன்றாகத்தான் வெளிநாடு போவதாகப் பேசிவைத்திருந்தார்கள். ஏஜெண்டுக்குக் கட்டவேண்டிய பணத்துக்கு இவருடைய அப்பா அரை ஏக்கர் நிலத்தை ஒத்திக்கு வைத்தார், அம்மா தாலிக்கொடி தவிர மற்ற நகையை அடகு வைத்தார். அந்த நண்பர் வீட்டில் அடகு வைக்க நிலமும் இல்லை, நகையும் இல்லை. “அவன் இப்பவும் அறுப்பு மிஷினுக்குப் பின்னாடி மூட்டை தூக்குறான் அக்கா” என்று சொல்லிவிட்டு, அந்தச் சதுரத்துக்குள் ஒரு சிறிய கூரையை வரைந்தார்.